ஆறாம் மாடிக் கயிறு

அமெரிக்காவில் எந்த ஊர் மேடு, எந்த ஊர் சமதரை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் போனதில்லை, போனவள் என் தங்கை. கைப்பேசியில் அவள் காட்டிக் காட்டியே எனக்கு வயிறு எரிந்தது.

முதலில் சான்பிரான்சிஸ்கோ. இறக்கத்தில் காரை நிறுத்தினால் சக்கரத்தை நடைபாதைப் பக்கம் திருப்பி வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் உருண்டுவிடுமாம். "ஏறி ஏறி காலு வலிக்குதுக்கா" என்பாள். உச்சியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே சலிப்பு! இங்கே பர்மாவில், யாங்கோன் நகரத்து அலோன் பேட்டையில் எங்கள் தெரு சமதரைதான். வீடுதான் ஆறாம் மாடி, லிப்ட் கிடையாது. நூறு படி ஏறினால் எனக்குத் தெரிவது எதிர்வீட்டுக் கொடித்துணி.

மலை அலுத்ததும் ஹூஸ்டனுக்குக் குடிபோனாள். தோசைக்கல் போல ஊர். வாசலில் ஒரு படிகூட இல்லை. வேண்டும்போது மேடு, வேண்டாதபோது சமதரை. கொடுத்துவைத்தவள்! அதோடு விட்டாளா? "அம்மா, இங்க படியே இல்ல. என்கூட வந்து இரு" என்று கூப்பிட்டாள்.

அம்மா என்னோடு இருக்கிறாள். முட்டிவலியால் கீழே இறங்குவதில்லை. நான் சந்தையிலிருந்து வந்து, பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில் பையை மாட்டி ஆட்டினால் மேலே மணி அடிக்கும். அம்மா இழுத்துக்கொள்வாள். நான் வெறுங்கையோடு படியேறுவேன். மலையும் அவளுக்கு, சமதரையும் அவளுக்கு. அம்மாவையுமா தூக்கிக் கொடுப்பது?

அதனால் ஒரு கள்ளத்தனம் செய்தேன். தங்கை மேட்டுத் தெருவில் நிற்கும் பழைய சான்பிரான்சிஸ்கோ படத்தைத் தேடியெடுத்து, "இதுதாம்மா ஹூஸ்டன். ஒன் முட்டி தாங்குமா?" என்று நீட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "இவ போட்டிருக்கிற பச்சச் சட்ட நான் தச்சது. அது கிழிஞ்சு எத்தன வருஷமாச்சு! மலையக் காட்டியா பயமுறுத்துற? போகாதம்மான்னு ஒரு வார்த்த ஒன் வாயில வரலியே?"

வரவில்லை. மாட்டிக்கொண்ட வெட்கம் ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம்.

மறுநாள் சந்தையிலிருந்து வந்து பையைக் கயிற்றில் மாட்டினேன். மணி அடித்தது. அம்மாவின் முகம் எட்டிப் பார்த்தது. தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்: "போகாதம்மா!"

கயிறு வெடுக்கென்று இழுபட்டது.

"சரிடி, மொதல்ல பைய விடு!"