என் பாரம் விழுந்த தோள்

போன வருடம் சித்திரைப் புத்தாண்டு வியாபாரம் ஓய்ந்திருந்த ஒரு காலை. பதுளை டவுனில் எங்களுக்கு ஒரு புடவைக்கடை இருக்கிறது. மாடியில் வீடு, கீழே கடை. கையில் சேலைக்கட்டோடு படியிறங்கி வந்த நான் கடைசிப் படியில் வழுக்கி, கடைக்குள்ளேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தேன், முழங்காலை மடக்கிப் பார்த்தேன், உடம்பு அசையவில்லை. கடைசியில் என் கணவரும் துணி பார்க்க வந்த ஒருவரும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். எதிரே நின்ற ஒரு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. சீனி வியாதி வந்து சில காலம் ஆகிறது. பகல் முழுக்கக் காசு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே இருப்பேன். ஆனாலும் விழுந்தால் எழ முடியாத நிலைக்கு வந்துவிட்டேன் என்று அன்றுதான் தெரிந்தது.

அதே வாரம் ஒரு சிங்கள மனிதர் தடித்த வெள்ளைத் துணி கேட்டு வந்தார். என்ன தைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஜூடோ உடுப்பு என்றார். சனிக்கிழமை காலைகளில் டவுனில் ஒரு மண்டபத்தில் சொல்லிக் கொடுக்கிறாராம். ஜப்பான்காரருடைய சண்டை விளையாட்டு, அடி உதை எதுவும் இல்லை, பிடித்துத் தூக்கிப் போடுவதுதான் என்று விளக்கினார்.

"பெரியவங்களும் வரலாமா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"வரலாம் மிஸ். முதல்ல விழத்தான் படிக்கணும். விழுந்து எழும்புறது. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது.

விஷயம் தெரிந்ததும் கணவர், "இந்த வயசுல இது என்ன கூத்து?" என்றார். ஆனாலும் தடுக்கவில்லை. எங்கள் தையற்காரரிடம் அளவு கொடுத்தபோது யாருக்கு என்று கேட்டார். கொழும்பில் ஒரு சொந்தக்காரருக்கு, ஆம்பளைக்கு என்று பொய் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அளவை எழுதிக்கொண்டார்.

வகுப்பில் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள். என் இடுப்பைச் சுற்றி இரண்டு முறை வரவேண்டிய வெள்ளைப் பட்டி, இரண்டாவது சுற்றில் முடிச்சுப் போடவே எட்டவில்லை. மாஸ்டர் வேறொரு நீளமான பட்டியைத் தேடியெடுத்துத் தரும்வரை மேல்சட்டையைக் கையால் பிடித்தபடி நின்றேன். தலையை உள்ளே மடக்கி உருளச் சொன்னார். நான் உருண்டு மெத்தையைத் தாண்டிச் சுவரில் போய் முட்டினேன். பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுவாரமும் போனேன் என்றால் அதற்குக் காரணம் ஒரு பெண். என்னைத் தவிர வகுப்பில் இருந்த பெரியவள் அவள் ஒருத்திதான். முப்பது வயதுக்குள் இருக்கும். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருவாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்தே ஜூடோ பழகியவள். மாகாணப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் என்னை அவளோடு சோடி சேர்த்தார். நான் அவளைவிட எத்தனையோ மடங்கு பாரம். அவள் பயிற்சிக்கு நான் எந்த விதத்திலும் உதவமாட்டேன் என்று எனக்கே தெரியும். அவள் முகம் சுளிக்கவே இல்லை.

எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் அவள் தன் பட்டியை அவிழ்த்து, நிதானமாக மறுபடி கட்டுவாள். முதலில் அவளுடைய பட்டி அடிக்கடி தளர்ந்துவிடுகிறது என்றே நினைத்தேன். எனக்கு மூச்சு திரும்பட்டும் என்று செய்கிறாள் என்பது புரியவே பல வாரம் ஆனது.

மாதங்கள் போயின. விழவும் எழவும் பழகினேன். ஒரு நாள் கையை ஊன்றாமலே எழுந்து நின்றபோது அவள்தான் முதலில் கைதட்டினாள். பிறகு இடுப்பில் ஏற்றிப் போடும் எறி ஒன்றை மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார். எதிராளியை இழுத்து, முதுகைத் திருப்பி, இடுப்பில் ஏற்ற வேண்டும். எனக்கு மட்டும் ஒரு கட்டளை போட்டார். "மிஸ், நீங்க இடுப்புல ஏத்தி நிறுத்துங்க. போட வேணாம். உங்க கால் இன்னும் உறுதி இல்ல. நீங்களும் சேர்ந்து விழுந்தா, கீழ இருக்கிற ஆளுக்கு ஆபத்து."

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, மாஸ்டர் பிள்ளைகளின் பெற்றோரை வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். என் கணவரும் கடையைச் சற்று நேரம் விட்டுவிட்டு வந்து வாசலோரம் நின்றார். அவர் முகத்தில் லேசான சிரிப்பு. கேலியா, சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. அவளை இழுத்தேன், திரும்பினேன், இடுப்பில் ஏற்றினேன். அவள் கால்கள் தரையை விட்டு எழும்பின. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். சுற்றி நின்றவர்கள் "ஆ" என்றார்கள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இன்னும் இழுத்தேன். அவள் என் இடுப்பைத் தாண்டிப் போனாள். என் முழங்கால் மடங்கியது. என் முழுப் பாரமும் அவள் தோள் மேல் விழுந்தது.

குச்சி முறிவது போல ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள காறை எலும்பு முறிந்துவிட்டது.

மாஸ்டர் துணியால் அவள் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். யாரோ ஆட்டோ கூப்பிட ஓடினார்கள். ஒரு தாய் பக்கத்தில் நின்றவளிடம் சிங்களத்தில், இவ்வளவு பெரிய உடம்பு மேலே விழுந்தால் எலும்பு என்ன ஆகும், இவளை யார் சேர்த்தது என்றாள். எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்திருப்பாள். பதுளையில் பிறந்து வளர்ந்து கடை நடத்துகிறவள் நான். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"வா, நம்மளும் ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் கணவர்.

"நீங்க போங்க. எனக்கு மூச்சு வாங்குது" என்றேன்.

மூச்சு வாங்கவில்லை. அந்த இடத்திலிருந்து மறைந்துபோனால் போதும் என்றிருந்தது. ஜூடோ உடுப்போடேயே வீட்டுக்கு நடந்தேன்.

அதன் பிறகு நான் வகுப்புக்கும் போகவில்லை, அவளைப் பார்க்கவும் போகவில்லை. பழமும் பால்மாவும் வாங்கிக் கணவர் கையில் கொடுத்தனுப்பினேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை, அவள் வீட்டுக்கு ஒரு தடவை. "நீயும் வாயேன்" என்று ஒவ்வொரு முறையும் கூப்பிட்டார். தீபாவளி வியாபாரம் என்றேன், தலைவலி என்றேன். போட்டி நாள் வந்தது, போனது. அவளில்லாமல்தான் நடந்தது. உடுப்பைத் துவைத்து அலுமாரிக்கு மேலே, கண்ணில் படாத இடத்தில் வைத்தேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கடையில் நல்ல கூட்டம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கையைத் துணியில் தொட்டில் போலக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்பதைக் கண்டேன். அவளேதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காசு மேசையை விட்டு எழுந்து, பின்பக்க ஸ்டோருக்குள் போய், துணிப் பொதிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். நாற்பத்து மூன்று வயது மனுஷி, சொந்தக் கடையில், திருடியைப் போல. வெளியே அவள் குரல் கேட்டது. "அக்கா இல்லீங்களா?"

கணவர் ஏதாவது சமாளித்து அனுப்பிவிடுவார் என்று காத்திருந்தேன். அவரோ, "ஸ்டோர்லதான் இருக்கா. உள்ள போய்ப் பாருங்க தங்கச்சி" என்றார்.

அவள் வந்து பொதிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒளிஞ்சிருக்கீங்களா அக்கா?"

அவள் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பொதியில் உட்கார்ந்தாள்.

"எலும்பு ஒடைஞ்சது வெளையாட்டுல. அதுக்காக நான் வரல. மாஸ்டர் வேணாம்னு சொல்லியும் போட்டீங்க, அது தப்புதான். ஆனா அதக்கூட நான் மறந்துருவேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, யாரு உள்ள வந்தாலும் நீங்களோன்னு பாத்தேன். அண்ணன் பழப் பையோட வர்றாரு. பின்னால பாக்குறேன், நீங்க இல்ல."

"எனக்கு வெட்கமா இருந்துச்சு தங்கச்சி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..." என்று இழுத்தேன்.

"ஒங்களுக்கு வெட்கம். எனக்கு வலி. ரெண்டுல எதக்கா மொதல்ல பாக்கணும்?"

அவள் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. வெளியே கடையில் துணி கிழிக்கும் சத்தம் அதைவிடப் பலமாக இருந்தது. ஆனால் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பிறகு கொஞ்சம் தணிந்து பேசினாள். பிள்ளைக்காம்பராவுக்கு இன்னும் வேலைக்குப் போகவில்லை, சும்மா எட்டிப் பார்க்கப் போனாளாம். தவழும் குழந்தைகள் தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினவாம். இவள் குனியவில்லை என்றதும் கத்தி அழுதனவாம். "அதுகளுக்கு என்னான்னு சொல்றது?" என்றபோதுதான் அவள் குரல் உடைந்தது. நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. அதுவும் சரிதான்.

எழுந்து போகும்போது, "மன்னிப்பெல்லாம் வேணாங்க்கா. அடுத்த சனிக்கெழம வகுப்புக்கு வாங்க. நானும் வந்து ஓரமா உக்காந்திருப்பேன். அந்த எறிய ஒழுங்காப் பழகுங்க. இல்லாட்டி நாளைக்கு இன்னொருத்தருக்கு ஒடையும்" என்றாள்.

சனிக்கிழமைக்கு முன்பே, மறுநாள் ஞாயிறன்று, கணவரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தேயிலைக்கு நடுவே படியேறி லயத்து வரிசை வீடுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் எத்தனை இடத்தில் நின்றேனோ. அவளுடைய அம்மா வாசலில் நின்று நான் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"டவுன்ல பெரிய கடைக்காரங்க. பழம் குடுத்தனுப்பிட்டா போதும்னு நெனச்சிட்டீங்க" என்றார்.

வெட்கத்தால்தான் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது வெட்கமாகத் தெரிந்திருக்க வழியே இல்லை, திமிராகத்தான் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. "தப்புத்தாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். வெகுநேரம் கழித்துப் பிளேன்டீ வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அவளுடைய அப்பா. அந்த அம்மா கடைசிவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்தபோது பேச்செல்லாம் நின்றுபோனது. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு முறைப்படி குனிந்து வணங்கினேன். ஜூடோவில் அது தினமும் செய்கிற காரியம். அன்று நிமிர்ந்து வர மனமில்லை.

மாஸ்டர் தானே எனக்குச் சோடியாக நின்றார். அவரை இடுப்பில் ஏற்றி நிறுத்துவது, இறக்குவது, மறுபடி ஏற்றுவது. அவ்வளவுதான், மாதக்கணக்கில். "முழங்கால மடக்குங்கக்கா! இடுப்ப இன்னும் எறக்குங்க!" என்று அவள் ஓரத்திலிருந்து கத்துவாள். எல்லாரும் பார்ப்பார்கள். காது சுடும். ஆனாலும் மடக்குவேன், இறக்குவேன்.

தை மாதத்தில் ஒரு நாள் மாஸ்டரை முழுதாகப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். விழாமல் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். அவள் கைதட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

இந்த வருடம் அவள் மாகாணப் போட்டிக்குப் போனாள். முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். தோள் முன்னைப் போல இல்லை என்று மாஸ்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. இப்போது மறுபடி நாங்கள்தான் சோடி. எலும்பு கூடிய இடத்தில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. உடுப்பின் கழுத்து விலகும்போது தெரியும். அவள் அம்மா தன்னுடைய புடவைகளை இன்னமும் வேறு கடையில்தான் வாங்குகிறார்.

உடம்பு பெருத்ததற்கும், விழுந்ததற்கும், பிறர் சிரித்ததற்கும் எத்தனையோ காலம் வெட்கப்பட்டிருக்கிறேன். அந்த வெட்கம் என்னை அடக்கமானவளாக வைத்திருக்கிறது என்றுதான் நம்பியிருந்தேன். அப்போதெல்லாம் என் கண்ணுக்கு நான் ஒருத்திதான் தெரிந்திருக்கிறேன். இப்போதும் வெட்கம் வருகிறது, ஓடி ஒளியத்தான் தோன்றுகிறது. ஆனால் ஓடுவதற்கு முன், இங்கே வலி யாருக்கு என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.