ஜமீலா தர மறுத்த கல்

புனே பக்கத்தில் தேஹு ரோடு ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது ஜமீலாவின் எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது. நேற்று மாரடைப்பு, அடக்கம் முடிந்துவிட்டது என்று இந்தியில் இருந்தது. அவர்தான் யாரைப் பற்றியோ சொல்கிறார் என்று நினைத்து, யாருக்கு என்று பதில் போட்டேன். அவர் கணவர் கரீம் பாயிடமிருந்து பதில் வந்தது: "ஜமீலாவுக்கு." இரண்டு ஆட்டோக்களை விட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தேன்.

புனே பழைய கடைத்தெருவில் இருந்த அவர்களுடைய கருவிக்கடை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தச்சர்களிடம் மராத்தி, கறிக்கடைக்காரர்களிடம் இந்தி, நம்மிடம் தமிழ். எதைக் கேட்டாலும் ஜமீலா திரும்பிப் பார்க்காமலே கைநீட்டி எடுத்துத் தருவார். எனக்கு மட்டும் தரவில்லை.

அப்போது என் மனைவி வசந்தா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. டிப்போ வேலைக்குப் போய்வருவேன். சனி ஞாயிறுதான் நகரவே நகராது. அப்படி ஒரு சனிக்கிழமை பழைய சாமான் கடையில் மடக்குச் சவரக்கத்தி ஒன்றை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அதைப் பிடிக்கக்கூட எனக்குத் தெரியாது. நேராக ஜமீலாவிடம் போய், இதை எவ்வளவு கூராக்கலாம், அதற்கு என்ன கல் வேண்டும் என்று கேட்டேன். அவர் கத்தியைப் பார்க்காமல் என் ஒரு வாரத் தாடியையே பார்த்தார். வீட்டில் யார் யார் என்று கேட்டார். இப்போது நான் மட்டும்தான் என்றேன்.

"கத்திய இங்க வச்சிட்டுப் போங்க அண்ணே. விளிம்பப் பாத்துட்டுத்தான் கல்லு சொல்ல முடியும். சனிக்கிழமை வாங்க."

அடுத்த சனிக்கிழமை, புதிதாகப் பழகுகிறவருக்குக் கல்லே வேண்டாம், கத்தியைத் தேய்த்து எடுக்கும் தோல்வார் போதும் என்றார். அதற்கடுத்த வாரம் வாரை எடுத்துவைக்கச் சொன்னபோது, விளிம்பு மழுங்கியிருக்கிறது, ஆயிரம் நம்பர் சொரசொரப்புக் கல்லில் தொடங்க வேண்டும் என்றார். பிறகு ஆயிரம் மட்டும் போதாது, மெருகேற்ற எட்டாயிரமும் வேண்டும், சரக்கு வரவில்லை என்றார். எட்டாயிரம் என்று எழுதிய பெட்டி அவர் தலைக்கு மேலேயே இருந்தது. நான் சுட்டிக்காட்டினேன். அது வேறு ஒருவருக்கு எடுத்துவைத்தது என்று சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். இவருக்குத் தொழில் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேறு கடைக்குப் போகலாமென்றால் கத்தி அவரிடம் இருந்தது.

ஏழாவது சனிக்கிழமை கொஞ்சம் கோபமாகவே பேசினேன். அடுத்த மாதம் வேலூரில் தங்கை மகள் கல்யாணம், தாய்மாமன் நான் இந்த முகத்தோடு போய் நிற்க முடியுமா என்று கேட்டேன்.  ஜமீலா தலைக்கு மேலிருந்த அந்தப் பெட்டியை இறக்கினார். ஒரு பக்கம் மூவாயிரம், மறுபக்கம் எட்டாயிரம் உள்ள கல். கத்தியையும் எடுத்துவைத்தார். ஆயிரத்தில் தானே கூர் ஏற்றிவிட்டதாகவும், இனி இந்த ஒரு கல் போதும் என்றும் சொன்னார்.

"அழுத்தாதீங்க அண்ணே. கத்தியோட கனமே போதும்."

இத்தனை வாரம் ஏன் அலைக்கழித்தார் என்பது புரியாமலே வீடு திரும்பினேன். பத்து நாளில் அவர் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்கப் போனபோது இதைக் கரீம் பாயிடம் கேட்கக்கூடாதுதான். ஆனாலும் கேட்டுவிட்டேன். 

"நீங்க மொதநாள் வந்து நின்ன நெலம அவளுக்குப் பயமாயிருந்துச்சு சார். கத்திய கையில குடுத்துராதீங்க, நான் பாத்துக்கறேன்னு எங்கிட்ட சொல்லிட்டா. கல்யாணத்துக்குப் போறேன்னு சொன்னீங்கல்ல, அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினா."

எனக்கு அப்படி எந்த எண்ணமும் இருந்ததில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.  இருந்ததா, இல்லையா? பல முறை யோசித்துவிட்டேன். அந்த மாதிரிக் கத்தியால் சவரம் செய்யத் தெரியாதவன், கூர்மையைப் பற்றி ஏன் அப்படி விசாரித்தேன்? எனக்கே தெரியாத ஒன்றை அவர் பார்த்தாரா, அல்லது வீணாகப் பயந்தாரா என்பதைக் கேட்டுக்கொள்ள அவரும் இல்லை.

கல்யாணத்துக்கு நானே தீட்டிய கத்தியால் மழித்துக்கொண்டுதான் போனேன். தாடையில் ஒரு கீறல் விழுந்தது. கல் என்னிடம் இருக்கிறது, அது தேய்ந்துவிடும். ஜமீலா எனக்கென்று விட்டுப்போனதாக நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஏழு சனிக்கிழமைகளை. அவற்றில் ஒன்றில்கூட நான் தனியாக இருக்கவில்லை.