காய்ச்சல் விரிப்பில் இருபது நாள்

காய்ச்சல் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் துணி வெளுத்தவளுக்கு ஊரார் வைத்த பெயர் ஆவியக்கா. கொப்பரையில் கொதிக்கும் விரிப்புகளைக் கழியால் கிண்டிவிட்டு வெண்புகைக்குள்ளிருந்து அவள் வெளிவரும்போது பார்ப்பவர்களுக்குத் திக்கென்றிருக்கும். கண் மஞ்சள் பூத்து ஆளைக் கொண்டுபோகும் அந்தக் காய்ச்சல் நோயாளியின் துணியில் ஒட்டியிருக்கிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்குவார்கள். நாத்தனார் வாசலோடு பேசி அனுப்பிவிடுவாள்.

ஒருநாள் காலை டாக்டர் நோட்டுப் புத்தகத்தோடு கொப்பரையருகே வந்தார்.

"ஏம்மா, எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"பதினோரு வருஷங்க."

"அழுக்குத் துணிய வெறுங்கையாலதானே எடுக்கறீங்க? ஒரு தடவையாவது காய்ச்சல் வந்துச்சா?"

"தலைவலிகூட வந்ததில்லைங்க. வந்தா, நாத்தனார் வீட்டுக்குப் போய்ட்டு வந்த அன்னிக்குத்தான்."

டாக்டர் சிரிக்கவில்லை. சட்டை ஆவியில் நனைவதுகூட உறைக்காமல் நின்றார். துணியில் இல்லையென்றால் வேறு எதில்? அவருடைய சந்தேகம் கொசுவின்மேல். சொன்னால் மற்ற மருத்துவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள், நிரூபித்தாக வேண்டும். கொசு நுழையாதபடி ஜன்னலெல்லாம் வலை அடித்த ஓர் அறையில், நோயாளிகள் கிடந்த விரிப்பிலேயே ஒருவர் இருபது நாள் தங்க வேண்டும். ஆவியக்கா தானே முன்வந்தாள்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று குதித்தார், கொத்தனாரான அவள் கணவர்.

"பதினோரு வருஷமா நின்னுக்கிட்டு செஞ்சத இப்போ படுத்துக்கிட்டு செய்யச் சொல்றாரு. அவ்வளவுதானே?"

அந்த இருபது நாளும் அவளுக்கு ஒரே நீண்ட மத்தியானம்போல் கழிந்தன. வலையில் வடிகட்டி வந்த வெயில் பால்போலத் தரையில் பரவியது. முதல் இரண்டு நாள் நாற்றம் குமட்டியது. பிறகு மூக்கு மரத்துப்போனது. கண்ணயர்ந்தால், தான் பார்த்தேயிராத வீடுகளுக்குள் நடந்தாள். யாரோ ஒருத்தி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டாள். முன்பின் அறியாத குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்தது. அந்தத் துணிகளில் படுத்துக் கண்மூடியவர்கள் பாதியில் விட்டுப்போன கனவுகளோ என்று விழித்ததும் நினைத்துக்கொள்வாள். பயம் வரவில்லை. அவர்களுக்குத் துணையிருப்பதாகவே தோன்றியது.

ஒன்பதாம் நாள் நர்ஸ் வலைக்கு அப்பால் நின்று விசும்பினாள்.

"டாக்டருக்குக் காய்ச்சல்கா. நோயாளியக் கடிச்ச கொசுவுக்குத் தன் கையவே நீட்டியிருக்காரு."

ஆவியக்கா எழுந்து கதவுவரை ஓடினாள். ஆனாலும் வெளியே வரவில்லை. அவர் உயிரைப் பணயம் வைத்த காரியத்தைத் தன் அவசரம் கெடுத்துவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

இருபதாம் நாள் கதவைத் திறந்ததும் நேராக அவர் கட்டிலுக்கு ஓடினாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் மஞ்சள் கண்ணைத் திறந்தார்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"தின்னுட்டுத் தூங்குனதுல ரவிக்கை பிடிக்குதுங்க."

டாக்டர் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணீர் காதோரம் வழிந்தது.

அவர் எழுந்து நடக்க இரண்டு மாதமாயிற்று. பிறகு இருவரும் வீடு வீடாகப் போனார்கள். கொசுவைப் பற்றி டாக்டர் விளக்கிச் சொன்னதற்கெல்லாம் ஊர் கொட்டாவி விட்டது. ஆவியக்கா ஒரு வீட்டுத் தொட்டியில் குவளையை அமிழ்த்தி எடுத்து வெயிலில் காட்டினாள். உள்ளே நூல் நூலாகக் கொசுப் புழுக்கள் துள்ளின.

"பாத்துக்குங்க, காய்ச்சல் எப்படி நெளியுதுன்னு."

அந்த வாரம் தச்சருக்கு மூச்சுவிட நேரமில்லை. தொட்டிக்கெல்லாம் மூடி வேண்டுமாம்.