வானத்துக்குத் தெரிந்த கவ்வாத்து

திங்கட்கிழமை என் நான்காம் படிவ மாணவர்கள் அறிவியல் போட்டியில் அறிக்கை வாசிக்க வேண்டும். ‘கேமரன் மலையில் ஒரு தேயிலைச் சரிவு செத்துவிட்டது’ என்பது அதன் முடிவு. செயற்கைக்கோள் படத்தில் பச்சைக்கு நடுவே தெரிந்த ஒரு பழுப்புக் கட்டத்தை வைத்து எழுதியது. சரியென்று கையெழுத்துப் போட்டவள் நான். சனிக்கிழமை விடிந்ததும் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நேரில் பார்க்காமல் பிள்ளைகளை மேடையேற்றுவதா? கிளம்பிவிட்டேன்.

ஈப்போவில் ஏழு மணிக்குக் காரை எடுத்தேன். சிம்பாங் பூலாய் வழியாக மலைமேல் இருக்கும் கியா பார்ம் சந்தை சுமார் எண்பது கிலோமீட்டர். அங்கே நெரிசலில் அரை மணி நேரம் போனது. ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டம், கேட்கவா வேண்டும்! பெட்ரோல், பசியாறல் எல்லாம் சேர்த்து அறுபது ரிங்கிட்.

பையில் வகுப்பறைக் கருவி இருந்தது. தீப்பெட்டி அளவுப் பலகையில் இரண்டு ஒளி உணரிகள். ஒன்று சிவப்பு ஒளியை அளக்கும், மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை. நல்ல இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். எழுநூறு கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோளும் இதைத்தான் அளக்கிறது.

தோட்டத்தில் அனுமதி வாங்கியதும் கங்காணி மாரிமுத்து அண்ணன் கூட வந்தார். பச்சைச் செடிமேல் கருவியைப் பிடித்தேன். அகச்சிவப்பு எண் சிவப்பைவிடப் பல மடங்கு எகிறியது. பழுப்புச் சரிவில் வெறும் குச்சிகள். இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றே.

“செத்தே போச்சா அண்ணே?”

விழுந்து விழுந்து சிரித்தார். “அய்யோ டீச்சர், கவ்வாத்துலா! போன மாசம் நாங்கதான் வெட்டுனோம். இப்படி வெட்டி விட்டாத்தான் புதுக் கொழுந்து வரும்.”

அசடு வழிந்தபடி கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றது. “நாங்க வெட்டுனது அவ்வளவு உயரத்துலேருந்து தெரியுதா?”

எனக்கு மெய்சிலிர்த்தது. கத்தி போன இடம் வானத்துக்குத் தெரிந்திருக்கிறது! என் கையிலிருந்த பலகையும் அதையேதான் சொன்னது: இங்கே இலை இல்லை. செத்துவிட்டது என்பது நாங்களாகச் சேர்த்தது.

பதினொன்றரைக்குப் பனி மூடியது. நீங்கள் போவதென்றால் வெயில் இருக்கும்போதே அளந்துவிடுங்கள். படமும் மேகமில்லாத நாளில் எடுத்ததாக இருக்கட்டும். சுவெட்டர் மறக்க வேண்டாம்.

அங்கிருந்தே அறிக்கை எழுதிய மாணவி கவிதாவை அழைத்து நடந்ததைச் சொன்னேன். கைப்பேசி ஒலிபெருக்கியில் அவள் பதறினாள். “அப்போ எல்லாம் தப்பா டீச்சர்? போட்டிக்குப் போக வேணாமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கைப்பேசிப் பக்கம் குனிந்தார்.

“போம்மா, தைரியமா போ! படம் சரிதான். செத்துப்போச்சுங்கறத மட்டும் அடிச்சிட்டு, மாரிமுத்து கங்காணி வெட்டுனதுன்னு எழுது. ஓரம் எவ்ளோ நேரா இருக்குன்னு எல்லாரும் பாக்கட்டும்லா!”