கேட்காமலே திறக்கும் பூட்டு

அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டுக்காரி என்று பெயர். மூன்றாம் ஆள் படிக்க முடியாதபடி மின்னஞ்சலைப் பூட்டி அனுப்புகிற மென்பொருள் அவர்களுடையது. பூட்டு என்னவோ நல்ல பூட்டுதான். திறக்கத்தான் ஒருத்தருக்கும் வரவில்லை. பாஸ்வேர்டை மறந்தவர்கள் எல்லாரும் போனில் இவளிடம்தான் எரிந்து விழுவார்கள். மென்பொருளை எழுதின மகானுபாவர்களோ ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஜனங்களுக்கு மூளை கிடையாது என்பார்கள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஜனங்களில் இவளுடைய அக்காவும் ஒருத்தி. அக்கா புருஷன் அவள் போனைப் பிடுங்கிப் பார்ப்பார், யாரிடம் பேசினாய் என்று குடைவார், சமயத்தில் கையும் நீளும். அதனால் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தங்கையே அந்தப் பூட்டைப் போட்டுக் கொடுத்தாள். அந்த வீட்டை விட்டு என்றைக்குக் கிளம்புவது, எங்கே தங்குவது என்கிற பேச்செல்லாம் அதில்தான் ஓடியது.

ஒருநாள் அக்கா கடைக்குப் போகிற சாக்கில் போன் செய்து அலுத்துக்கொண்டாள். "ஒவ்வொரு தடவையும் இவ்ளோ நீள பாஸ்வேர்டு கேக்குதுடி. அவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள நான் எப்படி அடிச்சு முடிக்கிறது?"

மறுநாள் கூட்டத்தில் இவள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டாள். ஒருமுறை திறந்த கம்ப்யூட்டரில் மறுபடி பாஸ்வேர்டு கேட்கவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். எழுதுகிறவர்களில் ஒருவன் மட்டும் இழுத்தான், வேறு ஆள் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று.

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல வேற யாருங்க வந்து உக்காரப் போறாங்க? வீட்டு ஆளுங்கதானே," என்றாள். ஜெயிக்கிற வேகத்தில் வாயில் வந்துவிட்டது.

புதிய பதிப்பு எல்லார் கம்ப்யூட்டரிலும் தானாகவே ஏறியது. புகார் போன்கள் அடங்கின. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, ஜனங்களின் மனசு தெரிந்தவள் என்று இவள் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தார். இவளுக்கும் பெருமை பிடிபடவில்லை.

அக்கா கிளம்பி வரவேண்டிய நாளில் இவள் பேருந்து நிலையத்தில் கால் கடுக்க நின்றாள். வந்த பேருந்து எதிலும் அக்கா இல்லை. அவள் போன் அணைந்து கிடந்தது. சாயங்காலம் ஒரு மெயில் வந்தது. பச்சை நிறப் பூட்டுப் படம், அனுப்பியவர் உண்மையானவர் என்கிற வரி, எல்லாம் கச்சிதமாக இருந்தன.

"அன்புள்ள தங்கைக்கு, நான் இங்கே சௌக்கியம். இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்."

நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா இவளை 'எலி' என்றுதான் கூப்பிடுவாள். அன்பும் சௌக்கியமும் அவள் எழுதுகிற வார்த்தைகளே இல்லை. அந்த ஆள் உட்கார்ந்து தட்டியிருக்கிறான். எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் தட்டியிருக்கிறான். பூட்டு அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று மேசையைத் தட்டியவள் இவள்தான்.