மாட்டாத மூடி

தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜைக்குத் துடைப்பதற்காகக் கழற்றிய பெல்ட் மூடியை யாரும் திரும்ப மாட்டவில்லை. மறுநாள் அந்தப் பெல்ட்டில் சிக்கி என் வலதுகை விரல்கள் இரண்டு போயின.

“எப்படிப்பா ஆச்சு?” என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். கூட வந்த மேனேஜர் முந்திக்கொண்டு, “தோட்டத்து மோட்டார்ல மாட்டிக்கிச்சுங்க” என்றார். அடிபட்டவர்களை இப்படிச் சொல்லவைப்பதுதான் வழக்கம். அப்போதுதான் முதலாளி நஷ்டஈடு தர வேண்டியிருக்காது.

வலியோடு எழுந்து உட்கார்ந்தேன். “எங்களுக்குத் தோட்டமே இல்லீங்க. பட்டறையிலதான் போச்சுங்க.”

“யோசிச்சுப் பேசு கண்ணு” என்றார் மேனேஜர்.

“யோசிச்சுத்தானுங்க சொல்றேன்.”

வழக்காடி நஷ்டஈடு வாங்கினேன். அதே லேத்துக்கே திரும்பிப் போனேன். இன்றும் ஆயுத பூஜையன்று, அந்த மூடியை மாட்டும்வரை யாரையும் கற்பூரம் ஏற்ற விடுவதில்லை.