மேட்டுக்காட்டில் போட்ட துளை

சுரங்கச் சட்டத்தைத் திருத்தியிராவிட்டால் எனக்கு அந்த வேலை கிடைத்திருக்காது. பேட்டரிக்கு வேண்டிய கனிமங்களை எத்தனை நாள் வெளியிலிருந்து வாங்குவது, உள்நாட்டிலேயே தேடி எடுப்போம் என்று தில்லியில் முடிவெடுத்து, தேடும் வேலையில் தனியாரும் இறங்க வழிவிட்டார்கள். அப்படி இறங்கிய சிறு நிறுவனம் ஒன்று மைசூரில் அலுவலகம் திறந்தது. நான் அதே ஊரில் அக்ரஹாரம் என்ற பகுதியில் குடியிருந்துகொண்டு, ஒரு கல்லூரியில் நிலவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நேர்காணலில் மேலாளர் பாறைகளைப் பற்றிக் கேட்டதைவிட, தமிழ் வருமா என்று கேட்டதுதான் அதிகம். தேட வேண்டிய இடம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். அங்கே நிலம் வைத்திருப்பவர்களில் பலர் தமிழர்கள்.

என் தமிழ் பாதிக்குப் பாதி கன்னடம். ஆனாலும் வேலை கிடைத்தது.

பாறை மாதிரி எடுக்க முதல் துளை போட வேண்டிய இடம் ஒரு விதவைப் பெண்ணின் மேட்டுக்காட்டில் அமைந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிறவர். நாங்கள் தேடும் லித்தியம் என்றால் என்ன என்று சொன்னேன். செல்போனைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா இருக்குது?" என்றார். அறுவடை முடிந்ததும் வாருங்கள் என்று சம்மதித்தார்.

துரப்பண வாகனம் வந்து துளையிடத் தொடங்கியதும் தினமும் வரப்பில் வந்து உட்கார்ந்துகொள்வார். உருளை உருளையாக வெளியே வந்த பாறைத் துண்டுகளை நான் பெட்டியில் அடுக்கும்போது, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார். ஒரு நாள் மத்தியானம் பாறை வெடிப்பு ஒன்றில் துரப்பணம் இறங்கியது. குழாயின் ஓரமாகத் தண்ணீர் பொங்கி வந்து செம்மண்ணில் ஓடியது. அவர் எழுந்து வந்து அதைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார்.

வேலை முடிந்ததும் துளையை சிமென்ட் ஊற்றி மூட வேண்டும் என்பது எங்கள் உரிமத்தின் நிபந்தனை. அதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"ஏனுங்க மேடம், இது யாரு காடுங்க?"

"உங்களுதுதான் அக்கா. அடியில இருக்கிற கனிமம் மட்டும் சர்க்காருது."

"அப்ப தண்ணி?"

"தண்ணி உங்களுதுதான்."

"அப்பறம் எதுக்குங்க மூடறீங்க? விட்டுப்போட்டுப் போங்க."

"இது ரொம்ப மெலிசான துளை அக்கா. மோட்டார் இறங்காது. மேல இருக்கிற அழுக்கெல்லாம் உள்ள போயி, இருக்கிற தண்ணியும் கெட்டுடும்."

"அதெ நான் பாத்துக்கறனுங்க."

மேலாளருக்கு போன் செய்தேன். மூடிவிடு என்றார். மூடினோம். சிமென்ட் ஊற்றும்போது அந்தப் பெண் அங்கே நிற்கவில்லை. அதுவரை தினமும் எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பியவர், அன்று அனுப்பவில்லை. எனக்கு அது உறுத்தியது.

மறுநாள் மேலாளரிடம், தண்ணீர் வந்த ஆழத்தையாவது அந்தப் பெண்ணுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். "கனிம விவரம்தான் வெளியில போகக் கூடாது. தண்ணியைப் பத்தி யார் கேக்கப்போறாங்க, சொல்லிடு" என்றார். வெடிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பாறைத் துண்டுகளை வைத்துக் கணக்கிட்டு, அவருடைய காட்டிலேயே கிழக்கே தள்ளி ஓர் இடத்தில் கல் நட்டேன். இங்கே போர் போட்டால் தண்ணீர் கிடைக்க வாய்ப்புண்டு, உறுதி சொல்ல முடியாது என்றேன். அவர் கல்லைப் பார்த்தார்.

பரிசோதனை முடிவு வந்தது. லித்தியம் இருந்தது, ஆனால் எடுத்தால் கட்டுப்படியாகிற அளவில் இல்லை. நிறுவனம் அந்தப் பகுதியைக் கைவிட்டது.

அடுத்த கோடையில் அந்தப் பெண் போன் செய்தார். "நீங்க கல்லு நட்ட எடத்துல போர் போட்டனுங்க, ஒண்ணரை இஞ்சு தண்ணி வருதுங்க. மஞ்ச வெச்சிருக்கறன்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே, "இருந்தாலும் அந்தக் குழியெ மூடியிருக்க வேண்டாமுங்க" என்றார். அதில் அவர் மனம் மாறவில்லை.

இப்போது வேறு தாலுகாவில் தேடிக்கொண்டிருக்கிறோம். அனுமதி கேட்கப் போகும்போதே, தண்ணீர் வந்தாலும் துளையை மூடித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் சிலர் வேண்டாம் என்று விடுகிறார்கள். மேலாளருக்கு அதில் வருத்தம்தான்.